பிறந்தநாள் விருந்து: பில் யார் கையில்?

வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பக் கூடாது என்பது நாம் ஊரிலிருந்து மூட்டை முடிச்சோடு கொண்டு வந்த பழக்கம். நாம் குடியேறிய ஊரும் அதற்குச் சளைத்ததல்ல. "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் கன்னடக்காரர் மற்ற பேச்சைத் தொடங்குவார். அல்சூர் ஏரிப் பக்கம் 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட சிலையில் நிற்கும் வள்ளுவரோ, விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியவர். ஆகவே வீட்டு விருந்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் எல்லாம் ஓட்டல் விருந்தில்தான்.

நம் பெற்றோர் காலத்தில் பிறந்தநாள் என்றால் நட்சத்திரத்தன்று கோவிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் பாயசம். பக்கத்து வீட்டுக்கும் ஒரு டம்ளர் போகும். அதற்குக் கணக்குக் கேட்டவர் இல்லை. இன்று நம் பிள்ளைகளின் பிறந்தநாள் ஓட்டலுக்குப் போய்விட்டது. தவறில்லை. ஆனால் அங்கே பாயசத்துக்குப் பதில் பில் வருகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். முதல் வேலையில் சேர்ந்த பையன். பேயிங் கெஸ்ட் அறை, மாதக் கடைசி. உடன் வேலை செய்பவர், "நாளைக்கு என் பர்த்டே, டின்னருக்கு வந்துடுப்பா" என்கிறார். அழைத்தவர்தான் கொடுப்பார் என்று நினைத்து, கையிலிருந்த பணத்தில் ஒரு பரிசும் வாங்கிக்கொண்டு பையன் போகிறான். பத்துப் பேர் சாப்பிட்டதில் ஒன்பதாயிரம் ரூபாய். 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 9,450. "பர்த்டே பாய் கொடுக்கக் கூடாது, நாம் பங்கு போட்டுக்கலாம்" என்கிறார் ஒருவர். தலைக்கு 1,050 ரூபாய். நம் பையன் சாப்பிட்டது ஒரு வெஜ் ஃப்ரைட் ரைஸ். வாய் திறக்க வெட்கம். செல்போனில் பணத்தை அனுப்பிவிட்டு, மீதி நாட்களுக்கு மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறான். அடுத்த அழைப்புக்கு "உடம்பு சரியில்லை" என்று பொய் சொல்கிறான். ஒரு நட்பு இப்படித்தான் சத்தமில்லாமல் தேய்கிறது.

இதில் யார் மேல் குற்றம்? யார் மேலும் இல்லை. ஊரில் எல்லாருக்கும் ஒரே வழக்கம் என்பதால் எதையும் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரில் ஒரே மேஜையில் மதுரைக்காரர், மங்களூர்க்காரர், பாட்னாக்காரர், கொச்சிக்காரர் உட்காருகிறார்கள். பிறந்தநாள்காரர் 'ட்ரீட்' கொடுக்க வேண்டும் என்பது ஒருவர் வழக்கம். நண்பர்கள் சேர்ந்து அவருக்கு வாங்கித் தர வேண்டும் என்பது இன்னொருவர் வழக்கம். வெளிநாட்டிலும் இப்படித்தான். ஜெர்மனியில் பொதுவாகப் பிறந்தநாள்காரரே செலவு செய்வார். அமெரிக்காவில் நண்பர்கள் அவர் பங்கைத் தாங்கள் ஏற்பது பரவலான வழக்கம்.

பணம் கொடுத்துச் சாப்பிடும் விருந்து நமக்குப் புதிதும் அல்ல. புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தை அறிந்தவர்கள் நம்மிடையே உண்டு. பல குடும்பங்கள் ஒரே பந்தலில் சேர்ந்து, செலவைப் பகிர்ந்துகொண்டு, கறி விருந்து போடுவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். யார் எவ்வளவு என்பது நோட்டில் ஏறும். வட்டி கிடையாது. ஆனால் அவர் விருந்து வைக்கும்போது வாங்கியதோடு கொஞ்சம் சேர்த்துப் போட வேண்டும். அந்தப் பணம் கிணறு வெட்டவும், கடை வைக்கவும், பிள்ளையைப் படிக்க வைக்கவும் முதலாகும். அங்கே யாருக்கும் மனக்கசப்பு வராததற்குக் காரணம், பத்திரிகையைப் பார்த்ததுமே மொய் உண்டு என்று தெரிந்துவிடுவதுதான். தெரிந்து போகிறவன் தயாராகப் போகிறான்.

நம் பெங்களூர் தர்ஷினிகளும் அதே பாடத்தைத்தான் சொல்கின்றன. 1980களிலிருந்து பெருகிய இந்த நின்று சாப்பிடும் ஓட்டல்களில் முதலில் பணம், பிறகுதான் இட்லி. கல்லாவில் யார் முந்துகிறாரோ அவரே விருந்து கொடுப்பவர். "விடுங்க சார், நான் கொடுக்கிறேன்" என்ற தள்ளுமுள்ளு சாப்பிடுமுன்பே முடிந்துவிடுகிறது. உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில்தான் கேள்வி கடைசியில் வருகிறது.

ஆகவே முடிவை அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். "என் பிறந்தநாளுக்கு வாங்க" என்றால் செலவு அழைப்பவருடையது. கையில் அவ்வளவு இல்லையென்றால் வெட்கப்பட வேண்டாம். பத்துப் பேரை நால்வராக்கலாம், பெரிய ஓட்டலைத் தர்ஷினியாக்கலாம், வீட்டில் ஒரு புளியோதரை கிளறலாம். பங்கு போடுவதானால், "எல்லாரும் சேர்ந்து போகலாம், தலைக்கு இவ்வளவு ஆகும்" என்று தொகையோடு சொல்லுங்கள். நண்பர்கள் செலவை ஏற்பதானால் அதை முன்னாலேயே தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். அப்போது தனிப் பரிசு வேண்டாம். குறைவாகச் சாப்பிட்டவரிடம் சரிபங்கு கேட்பதும் நியாயமில்லை.

பில்லையும் ஒருமுறை படியுங்கள். சேவைக் கட்டணத்தை ஓட்டல்கள் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தீர்ப்பளித்தது. விருப்பமிருந்தால் கொடுக்கலாம், கட்டாயம் இல்லை. வற்புறுத்தினால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வேலைக்குப் போன பிள்ளை, "இந்த மாசம் என்னால முடியாதுடா, அடுத்த தடவை பார்க்கலாம்" என்று நண்பனிடம் கூசாமல் சொல்லப் பழக்குங்கள். அப்படிச் சொன்னவனைக் கேலி செய்யாமல் தன் தட்டில் பங்கு கொடுக்கவும் பழக்குங்கள். முதலாவது கணக்கு, இரண்டாவது விருந்தோம்பல். அயலூரில் பிழைக்க வந்த நமக்கு இரண்டும் வேண்டும்.