தேசிய லீக்கில் அயல்நாட்டு அணிகள்: கூடைப்பந்தை முன்வைத்து ஒரு சிந்தனை

முன்னுரை

ஒரு சமுதாயம் தன் இளைஞர்க்கு எத்துணை இடம் தருகின்றது என்பதை அதன் வகுப்பறைகள் காட்டுவது போலவே விளையாட்டுத் திடல்களும் காட்டும். தமிழ்த்துறை மலரில் கூடைப்பந்துக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். மாலை வேளையில் நம் திடலில் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கும் மாணவருட் பலர் மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து பேருந்தேறி வருபவர்கள். கல்லூரியில் ஓர் இடம், பின்னாளில் வங்கியிலோ இரயில்வேயிலோ ஒரு பணி என்னும் நம்பிக்கை அப்பந்தோடு சேர்ந்தே துள்ளுகின்றது. ஆதலின், 'நாட்டின் தேசியக் கூடைப்பந்து லீக்கில் அயல்நாட்டு அணிகளைச் சேர்க்கலாமா?' என்னும் வினா அவர்தம் வாழ்வைத் தொடும் வினா ஆகும். பட்டிமன்றத்தில் இரு கட்சியாகப் பிரிந்து பேசுதற்கு இது நல்ல தலைப்பு. ஆயினும் கைதட்டலால் முடிவு காண இயலாத தலைப்பு. சான்றுகளைக் கொண்டு பொறுமையுடன் ஆராய்தலே தக்கது.

மூவகைச் சேர்க்கை

அயல்நாட்டார் நம் போட்டிகளில் பங்கு கொள்வது மூவகைப்படும். நம் அணிக்குள் அயல்நாட்டு வீரர் சிலர் இடம்பெறுவது முதல் வகை. ஒரு கோப்பைப் போட்டிக்கு அயல்நாட்டு அணி விருந்தாக வந்து ஆடிச் செல்வது இரண்டாம் வகை. அயல்நாட்டு அணியொன்று ஆண்டுதோறும் லீக்கின் நிலையான உறுப்பாகவே ஆடுவது மூன்றாம் வகை. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதாலேயே இப்பொருள் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் திசை மாறிப் போகின்றன.

இப்பாகுபாடு தமிழர்க்குப் புதியதன்று. மதுரைக் கோட்டை வாயிலைக் காத்தவர் வாளேந்திய யவனர் என்று சிலப்பதிகாரம் கூறும். அவர்கள் பாண்டியன் படையில் பணி ஏற்ற அயலார். காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசும் பிற நாட்டார் கலந்து இனிது வாழ்ந்ததைப் பட்டினப்பாலை கூறும். அந்நூலே, துறைமுகத்தில் இறங்கும் பொருளுக்கும் ஏறும் பொருளுக்கும் புலி இலச்சினை பொறித்துச் சுங்கம் கொண்ட செய்தியையும் கூறுகின்றது. வருவோரை வரவேற்ற அந்நகரம் வருவதையும் போவதையும் கணக்கிடவும் மறந்ததில்லை. நம் ஆராய்ச்சிக்கும் அதுவே நெறியாகுக.

கூடைப்பந்து வந்த வழி

கூடைப்பந்தே கடல் கடந்து வந்த விளையாட்டுத்தான். 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இதனை வகுத்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் கனடா நாட்டில் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் வழியே இது உலகெங்கும் பரவியது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள், பிற விளையாட்டுகளோடு இதனையும் தென்னாட்டுப் பள்ளிகளுக்கு எடுத்துச் சென்றனர். 1934இல் தேசியப் போட்டிகள் தொடங்கின. 1950இல் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு அமைந்தது. ஆயினும் ஒலிம்பிக் கூடைப்பந்தில் இந்தியா கலந்துகொண்டது 1980ஆம் ஆண்டு மாஸ்கோவில் ஒருமுறைதான். அங்கு ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோல்வியே கிட்டியது.

நிலையான தொழில்முறை லீக் ஒன்று நமக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. 2015இல் தொடங்கிய யு.பி.ஏ. லீக் 2017ஆம் ஆண்டோடு நின்றது. பின்னர் இந்தியத் தேசியக் கூடைப்பந்து லீக் எழுந்தது. 2022-23ஆம் பருவத்தில் ஆறு நகரங்களின் பெயரால் அணிகள் ஆட, சென்னை ஹீட் அணி வாகை சூடியது. வலுவான எதிரணிகளை நம் இளைஞர் காண்பது எங்ஙனம் என்னும் கவலையிலிருந்தே அயல்நாட்டு அணி பற்றிய எண்ணம் பிறக்கின்றது.

பிற நாடுகள் கண்ட அனுபவம்

இவ்வினாவை நேரடியாக எதிர்கொண்ட நாடு ஆஸ்திரேலியா. 1979இல் தொடங்கிய அந்நாட்டின் தேசியக் கூடைப்பந்து லீக், 2003இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்து பிரேக்கர்ஸ் அணியைச் சேர்த்துக்கொண்டது. அவ்வணி 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகள் தொடர்ந்தும், 2015இல் மீண்டும் வாகை சூடியது. ஆஸ்திரேலியாவின் லீக்கை அயல்நாட்டு அணி நான்கு முறை வென்றது! அதனால் அந்நாட்டுக் கூடைப்பந்து அழிந்துவிடவில்லை. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலிய ஆடவர் அணி வெண்கலம் வென்று, தன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றது.

அதே லீக்கில் 2006இல் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் அணியும் சேர்ந்தது. இரண்டே பருவங்களில், 2008இல், அது விலகியது. சிங்கப்பூரிலிருந்து பெர்த் நகருக்கே வானூர்தியில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். சிட்னிக்கோ எட்டு மணி நேரம். பயணச் செலவு தாங்கவில்லை. பின்னர் 2009இல் தொடங்கிய ஆசியான் கூடைப்பந்து லீக்கில் அவ்வணி சேர்ந்தது.

ஒரே லீக்கில் ஓர் அணி வேரூன்றியதும் மற்றோர் அணி வாடியதும் ஏன்? ஆக்லாந்து அணிக்குக் கடல் ஒன்றே இடையில் இருந்தது. அதன் பின்னால் கூடைப்பந்து பயிலும் ஒரு நாட்டின் இளைஞர் கூட்டம் இருந்தது. நியூசிலாந்து வீரர்களை அயலாராக எண்ணாத விதியும் லீக்கில் இருந்தது. சிங்கப்பூர் அணிக்குத் தொலைவே பகையாயிற்று.

வட அமெரிக்காவும் இதனையே உணர்த்துகின்றது. 1995இல் என்.பி.ஏ. லீக்கில் கனடாவின் டொராண்டோ, வான்கூவர் ஆகிய நகரங்களின் அணிகள் சேர்ந்தன. வீரர்க்கு ஊதியம் அமெரிக்க டாலரில். நுழைவுச் சீட்டு வருவாயோ மதிப்புக் குறைந்த கனடா டாலரில். தோல்விகளும் தொடரவே, வான்கூவர் அணி 2001இல் மெம்ஃபிஸ் நகருக்குப் பெயர்ந்தது. டொராண்டோ அணியோ நிலைத்து நின்று 2019இல் வாகை சூடியது.

நம் நாட்டு முன்மாதிரிகள்

நம் நாட்டில் விருந்தணிகள் ஆடிய மரபு பழமையானது. கல்கத்தாவின் ஐ.எஃப்.ஏ. கேடயக் கால்பந்துப் போட்டியில் 1970இல் ஈரானின் பாஸ் அணியையும், 1973இல் வடகொரியாவின் பியோங்யாங் அணியையும் இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் வென்றது. 1978இல் சோவியத் நாட்டின் அராரத் அணியோடு மோகன் பகான் சமனில் முடித்துக் கேடயத்தைப் பகிர்ந்துகொண்டது. வலியோரை எதிர்த்து நின்ற அந்நாட்கள் இன்றும் வங்கத்தில் பேசப்படுகின்றன. முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் 1940இல் ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியை வீழ்த்தி டூரண்ட் கோப்பையைக் கைப்பற்றியதும், 1960இல் டாக்காவுக்கே சென்று ஆகாகான் தங்கக் கோப்பையை வென்றதும் நம் பெரியோர்கள் பெருமையோடு நினைவுகூரும் செய்திகள். கிரிக்கெட்டிலும் 2003-04 முதல் 2007-08 வரை துலீப் கோப்பையில் அயல்நாட்டு அணியொன்றை விருந்தாக அழைக்கும் முறை இருந்தது.

நம் ஆராய்ச்சிக்கு இவற்றினும் நெருக்கமானது கோபாலன் கோப்பை. கிரிக்கெட், ஹாக்கி ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய எம்.ஜே. கோபாலன் பெயரால் 1952-53ஆம் பருவத்தில் தொடங்கிய இப்போட்டியில், சென்னை அணியும் இலங்கை அணியும் மோதின. இலங்கை ரஞ்சிக் கோப்பையில் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டு வீரர் எவரும் தம் இடத்தை இழக்கவில்லை. ஆயினும் சர்வதேச ஆட்டங்கள் அரிதாக இருந்த காலத்தில் இலங்கையர்க்கு இது ஒரு பயிற்சிக்களமாயிற்று. நம்மவர்க்கும் அயல்நாட்டு எதிரணி ஒன்று கிட்டியது. 1981இல் இலங்கை டெஸ்ட் தகுதி பெற்று, 1982 செப்டம்பரில் இந்தியாவோடு தன் முதல் டெஸ்டை ஆடியது அதே சென்னையில்தான்.

கபடி தரும் பாடம்

மதுரை வட்டாரச் சிற்றூர்களின் உயிர் விளையாட்டு கபடி. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் அயல்நாட்டு அணிகள் இல்லை; நம் நகரங்களின் அணிகளில் அயல்நாட்டு வீரர்கள் உண்டு. ஈரானின் ஃபசல் அத்ராச்சலி, தென்கொரியாவின் ஜாங் குன் லீ ஆகியோர் பெயர் நம் மாணவர்க்கு நன்கு தெரியும். 1990 முதல் 2014 வரை ஏழு ஆசிய விளையாட்டுகளிலும் ஆடவர் கபடித் தங்கம் இந்தியாவுக்கே உரியதாயிருந்தது. 2018இல் ஜகார்த்தாவில் ஈரான் அரையிறுதியில் நம் ஆடவரை 27-18 என வென்றது. மகளிர் இறுதியாட்டத்திலும் 27-24 என வென்றது. அம்மகளிர் அணிக்குப் பயிற்சியளித்தவர் சைலஜா ஜெயின் என்னும் இந்தியப் பெண்மணியே.

'கற்றுக்கொடுத்துக் கெட்டோம்' என்று வருந்தியோர் பலர். 2023இல் ஹாங்சௌவில் இருபாலார் தங்கத்தையும் இந்தியா மீட்டது என்பதை அவர்கள் நோக்குதல் வேண்டும். எதிரி வலுப்பெற்றதால் ஆட்டத்தின் மதிப்பும் உயர்ந்தது. கற்பித்தலால் கல்வி குறையாது என்பதை ஆசிரியராகிய நமக்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு

இனி, கூடைப்பந்துக் கணக்கைப் பார்ப்போம். சர்வதேச விதிப்படி ஓர் ஆட்டம் 40 நிமிடங்கள், களத்தில் ஐவர். ஆக ஓர் அணிக்கு வாய்ப்பது 200 வீரர் நிமிடங்கள். நம் அணியில் அயல்நாட்டு வீரர் இருவர் சேர்ந்து ஆளுக்கு 35 நிமிடங்கள் ஆடினால் 70 நிமிடங்கள் அவர்களுக்குப் போய்விடும். எஞ்சிய 130 நிமிடங்களைத்தான் பன்னிருவர் அணியின் மற்றைய பதின்மரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். உயரம் வேண்டிய நடுக்கள ஆட்டக்காரர் இடமும், பந்தை நடத்திச் செல்பவர் இடமும் பெரும்பாலும் அயலார்க்கே செல்வதால், அவ்விரு பொறுப்புகளையும் நம் இளைஞர் கற்கவே வழியில்லாமற் போகும். அயல்நாட்டு அணியோ எதிர்ப்பக்கத்தில் நிற்கின்றது. நம் அணியின் 200 நிமிடங்களும் நம்மவரிடமே இருக்கின்றன. 'அந்நிய அணி வேண்டா' என்று முழங்குவோர் தம் அணிக்குள் அந்நிய வீரரை வரவேற்பது முரண் என்பது இதனால் விளங்கும்.

ஆனால் அவ்வணி வருவது மாற்றாகவா, கூட்டலாகவா என்பது முதன்மையான வினா. எட்டு அணிகள் தத்தம் ஊரிலும் எதிரணியின் ஊரிலுமாக ஆடும் லீக்கில் 56 ஆட்டங்கள் உண்டு. அவ்வெட்டில் ஒன்று இந்திய அணியை நீக்கிவிட்டு வந்த அயல்நாட்டு அணியாயின், பன்னிரு இந்திய இளைஞர் இடம் இழப்பர். அது ஒன்பதாம் அணியாகக் கூடுதலாக வந்தால் ஆட்டங்கள் 72 ஆகும். ஒவ்வோர் இந்திய அணிக்கும் 14க்குப் பதிலாக 16 ஆட்டங்கள் கிடைக்கும். ஓர் இடமும் குறையாது. இதுவே புலி இலச்சினை வைக்க வேண்டிய இடம்.

அண்மையும் சேய்மையும்

'அயல்நாடு' என்னும் சொல்லும் நம்மை ஏமாற்றுவதுண்டு. மதுரையிலிருந்து வான்வழியே கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் அதில் பாதித் தொலைவே. டில்லியோ 2000 கிலோமீட்டருக்கும் மேல். மதுரை வானூர்தி நிலையத்தின் முதல் அயல்நாட்டுத் தடமாக 2012இல் தொடங்கப்பட்டது கொழும்புத் தடந்தான். பயணச் செலவு என்னும் வாதம் மேற்கு ஆசியாவுக்கோ கிழக்கு ஆசியாவுக்கோ பொருந்தலாம், இலங்கைக்குப் பொருந்தாது. விசா, நாணய மாற்று, தொலைக்காட்சி வருவாய்ப் பங்கீடு ஆகிய சிக்கல்கள் உண்டு. அவை ஒப்பந்தத்தால் தீர்பவை.

ஆயினும் வரிசைமுறை ஒன்று வேண்டும். நம் லீக்கே சில ஆண்டுகள் நின்று நிலைபெற்று, அணிகள் தத்தம் ஊரில் தம் மக்கள் முன் ஆடும் நிலை முதலில் வரவேண்டும். சொந்த வீட்டுக்குக் கூரை வேயாமல் விருந்துக்கு அழைத்தல் அழகன்று. அதுவரை கோபாலன் கோப்பை காட்டிய வழியே நல்வழி. பெரியகுளத்தில் கோடைதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடைபெறுவதையும், கோவையில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்காக அணிகள் மோதுவதையும் நாம் அறிவோம். வங்கி, இரயில்வே, படைத்துறை அணிகளைக் காணப் பெரியகுளத்து மக்கள் இரவு வேளையிலும் திரள்கின்றனர். அத்தகைய களங்களுக்கு இலங்கையிலிருந்து ஓர் அணியை விருந்தாக அழைத்தால் எவர் இடமும் பறிபோகாது. தென்மாவட்டச் சிறுவன் ஒருவன் அயல்நாட்டு ஆட்டத்தைத் தன் ஊர்த் திடலிலேயே காண்பான். மகளிர்க்கும் இவ்வாய்ப்பு அமைதல் வேண்டும். இந்திய அணிக்குத் தலைமை தாங்கி 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரை தமிழ்நாட்டு மகள் என்பதை நம் மாணவியர் நினைவிற் கொள்வாராக.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: அயல்நாட்டு அணி என்பதாலேயே அது தீங்காகாது, நன்மையும் ஆகாது. அண்மையிலிருந்து வருவதாயும், தன் நாட்டு இளைஞரையே கொண்டதாயும், நம் அணியை நீக்காமல் கூடுதலாக வருவதாயும், நிலைபெற்ற லீக்கில் வந்து சேர்வதாயும் இருப்பின் அதனை வரவேற்கலாம். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் அது விருந்தாக வந்து செல்வதே நலம். இதனை முடிவு செய்வோர் நுழைவுச் சீட்டு வருவாயையும் விளம்பர வருவாயையும் எண்ணுவர், எண்ணட்டும். அதற்கு முன் சிற்றூரிலிருந்து பேருந்தேறி வந்து பந்தைத் தட்டும் இளைஞனுக்குக் களத்தில் எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பதையும் அவர்கள் எண்ணுதல் வேண்டும். அந்நிமிடங்களைக் காப்பதே தேசிய லீக்கின் முதற்கடமை.