எண்ணும் எதிர்காலமும் – 17: கோப்பை யாருக்கு?

2014 ஜூலை 8. பிரேசிலின் பெலோ ஹொரிசான்டே நகரில் உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதி. அமெரிக்கப் புள்ளியியலாளர் நேட் சில்வரின் குழு வைத்திருந்த கணினிக் கணக்கு, ஜெர்மனியை பிரேசில் ஜெயிக்க 65 சதவீத வாய்ப்பு என்று சொல்லியிருந்தது. 11-வது நிமிடத்தில் ஜெர்மனியின் முல்லர் ஒரு கோல் போட்டார். 23-ல் க்ளோசா, 24-லும் 26-லும் க்ரூஸ், 29-ல் கெடிரா. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, 5-0. முடிவில் 7-1. பிரேசில் ஆறு கோல் வித்தியாசத்தில் தோற்பதற்கு அந்தக் கணக்கு கொடுத்திருந்த வாய்ப்பு ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒன்று.

பிரேசிலை நம்பியது சில்வர் மட்டுமில்லை. கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியின் பொருளாதார நிபுணர்கள், போட்டி தொடங்கும் முன்பே கோப்பை பிரேசிலுக்கு என்பதற்கு 48.5 சதவீதம் கொடுத்திருந்தார்கள். காரணமில்லாமல் இல்லை. நட்பு ஆட்டங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், சொந்த மண்ணில் பிரேசில் 1975-க்குப் பிறகு அதுவரை தோற்றதே கிடையாது.

அப்படியானால் கணினி தப்புப் பண்ணிவிட்டதா? கணிப்பு பலிக்காமல் போவது ஒன்று, கணக்கே பிசகியிருப்பது இன்னொன்று. நாம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒவ்வொரு உலகக் கோப்பையின்போதும் இந்தக் குழப்பம் திரும்ப வருகிறது. அதைத் தீர்க்க, இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று உள்ளே போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

முதல் வேலை, அணிகளின் பலத்தை எண்ணாக்குவது. இதற்கான வழி சதுரங்கத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் மில்வாக்கியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஹங்கேரிக்காரர் அர்பாத் ஈலோ, சதுரங்க ஆட்டக்காரர்களுக்காக உருவாக்கிய மதிப்பெண் முறை அது. பலசாலி நோஞ்சானை ஜெயித்தால் கிடைக்கும் புள்ளி சொற்பம். தோற்றால் பறிபோவது ஏராளம். ஆட ஆட ஒவ்வொருவரின் எண்ணும் தானாக ஓரிடத்தில் வந்து நிற்கும். ஃபிஃபா ஆண்கள் அணிகளின் தரவரிசையை 2018 ஆகஸ்டிலிருந்து இந்த முறையை ஒட்டித்தான் போடுகிறது. வேறு சிலர் பந்தய நிறுவனங்கள் தரும் விகிதங்களையே பலத்துக்கு அளவுகோலாக வைக்கிறார்கள். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆகிம் ஸைலைஸ் குழு அந்த வழியில் போய்த்தான் 2010-ல் ஸ்பெயின் என்று சரியாகச் சொன்னது. அந்த விகிதத்தைத் தப்பாகப் போட்டால் போடுகிறவருக்குப் பணம் நஷ்டம். அதனால் அதில் கவனம் இருக்கும், காயம் பட்டவர் யார் என்பது வரை அடங்கியிருக்கும்.

பலம் தெரிந்தாயிற்று. அதை எப்படிக் கோலாக மாற்றுவது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது.

கால்பந்தில் கோல் என்பது அபூர்வமான சம்பவம். 2022 உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் விழுந்தவை 172 கோல்கள். ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை. அபூர்வமான சம்பவங்களுக்கென்றே ஒரு சூத்திரம் கணிதத்தில் உண்டு. கல்லூரிப் புள்ளியியல் பாடத்தில் 'பாய்ஸான் பரவல்' என்று படித்திருப்பீர்கள். பிரெஞ்சுக் கணிதர் பாய்ஸான் 1837-ல் எழுதி வைத்தது. அதற்கு உயிர் கொடுத்தவர் லாதிஸ்லாஸ் போர்ட்கேவிச் என்பவர். பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்துச் செத்த வீரர்களின் கணக்கை அவர் எடுத்துக்கொண்டார். பத்துப் படைப்பிரிவுகள், இருபது வருஷங்கள். ஆக 200 பதிவுகள். மொத்தச் சாவு 122, அதாவது பதிவுக்குச் சராசரி 0.61. இந்த ஒரே ஒரு எண்ணைச் சூத்திரத்தில் போட்டால், சாவே இல்லாத பதிவுகள் எத்தனை, ஒரு சாவு எத்தனை, இரண்டு எத்தனை என்று எல்லாம் வந்து விழும். சாவே இல்லாதவை 109 என்றது சூத்திரம். ராணுவக் குறிப்பேட்டில் இருந்ததும் 109.

எந்த வீரனை எந்தக் குதிரை எப்போது உதைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மொத்தத்தில் அது இந்த ஒழுங்குக்குள் அடங்குகிறது. இங்கிலாந்தில் மைக் மாஹர் 1982-ல் இதே சூத்திரத்தைக் கால்பந்து அணிகளுக்குப் பொருத்தினார். 1997-ல் டிக்ஸனும் கோல்ஸும் 0-0, 1-1 போன்ற முடிவுகளுக்குத் திருத்தம் சேர்த்தார்கள். பழைய ஆட்டங்களைவிடச் சமீபத்திய ஆட்டங்களுக்கு அதிக எடை கொடுத்தார்கள். இன்று நடக்கும் கணிப்புகளில் பலவற்றுக்கு அடித்தளம் இதுதான்.

கையோடு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2022 நவம்பர் 22, கத்தாரின் லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினாவும் சவூதி அரேபியாவும். அர்ஜென்டினா 36 ஆட்டமாகத் தோற்கவில்லை. இப்படிப்பட்ட ஆட்டத்தில் பெரிய அணி சராசரியாக 2.2 கோல் போடும், சின்ன அணி 0.6 போடும் என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். சின்ன அணியின் 0.6, குதிரை உதையின் சராசரியை ஒட்டியே இருக்கிறது. அது கோலே போடாமல் போக 55 சதவீதம், ஒரே கோல் போட 33, இரண்டு போட 10. பெரிய அணி கோலே போடாமலிருக்க 11 சதவீதம், ஒன்றோடு நிற்க 24. சின்ன அணிக்கு 2, பெரிய அணிக்கு 1 என்று முடிய வேண்டுமானால் பத்தையும் இருபத்து நாலையும் சதவீதமாகவே பெருக்க வேண்டும்: 2.4 சதவீதம். 1-0, 2-0, 3-1 என்று சின்ன அணி ஜெயிக்கும் எல்லா வழிகளையும் இதேபோல் கூட்டினால் ஏறக்குறைய 9 சதவீதம் வரும். பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்று.

அன்று மெஸ்ஸி பெனால்டியில் முதல் கோலைப் போட்டார். முதல் பாதியில் அர்ஜென்டினா போட்ட இன்னும் மூன்று கோல்கள் ஆஃப்சைடு என்று செல்லாமல் போயின. இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் சவூதி இரண்டு போட்டது. 2-1. கோல் அபூர்வமாக விழும் ஆட்டத்தில், ஆஃப்சைடு கோட்டில் ஒரு தோள்பட்டை முன்னே நீண்டிருப்பதுகூட ஆட்டத்தைத் திருப்பிவிடும். கூடைப்பந்தில் இருநூறு புள்ளி சேர்வதற்குள் பலம் தன்னைக் காட்டிக்கொள்ள நேரமிருக்கிறது, கால்பந்தில் இல்லை. அதே கத்தாரில் ஜப்பான் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் ஜெயித்தது, கேமரூன் பிரேசிலை ஜெயித்தது, துனிசியா பிரான்ஸை ஜெயித்தது. ஒன்பது சதவீதம் என்பது நடக்காத காரியம் இல்லை. 48 குழுச் சுற்று ஆட்டங்களில் அப்படிச் சில நடந்தே தீரும்.

ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு. முழுப் போட்டிக்கு? இங்கே உதவிக்கு வருபவர் ஸ்டானிஸ்லாவ் உலாம். ஹைட்ரஜன் குண்டு ஆராய்ச்சியில் இருந்த போலந்துக் கணிதர். 1946-ல் மூளை அழற்சியிலிருந்து தேறிவந்த நாட்களில் தனியாளாகச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். இந்த ஆட்டம் கைகூட எவ்வளவு வாய்ப்பு என்று சூத்திரம் தேடிப் பார்த்து அலுத்தபோது, பேசாமல் நூறு முறை ஆடிவிட்டு எத்தனை முறை கைகூடியது என்று எண்ணினால் என்ன என்று தோன்றியது. நண்பர் வான் நியூமனுடன் சேர்ந்து அந்த யோசனையை அணு ஆராய்ச்சிக் கணக்குகளுக்குக் கொண்டுபோனார். மாண்டி கார்லோ முறை என்று அதற்குப் பெயர் வந்தது.

கால்பந்துக் கணிப்பிலும் கணினி செய்வது அதுதான். முதல் ஆட்டத்திலிருந்து இறுதி ஆட்டம் வரை பாய்ஸான் சொல்லும் வாய்ப்புப்படி கோல்களை விழச் செய்து, குழுப் பட்டியல் போட்டு, நாக் அவுட் நடத்தி, ஒரு சாம்பியனைக் குறித்துக்கொள்ளும். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஒரு லட்சம் தடவை ஆடி, அதில் 18,000 தடவை ஸ்பெயின் கோப்பையை வாங்கியிருந்தால் ஸ்பெயினுக்கு 18 சதவீதம். செய்தித் தலைப்புகளில் 'சூப்பர் கம்ப்யூட்டர்' என்று வரும். இதற்கு வீட்டு லேப்டாப்பே போதும்.

சாம்பியன் பட்டத்துக்கு ஏன் இவ்வளவு குறைந்த எண் வருகிறது என்று கேட்கலாம். மிகப் பெரிய அணி ஒன்று, எதிரே யார் வந்தாலும் நாலில் மூன்று ஆட்டம் ஜெயிக்கும் என்று வைப்போம். நான்கு நாக் அவுட் ஆட்டங்களை வரிசையாக ஜெயிக்க 0.75-ஐ நாலு தடவை பெருக்க வேண்டும், 32 சதவீதம். குழுச் சுற்றில் கவிழும் அபாயத்தைக் கழித்தால் முப்பதுக்கும் கீழே. உலகத்தின் மிகச் சிறந்த அணிக்கே இதுதான் உச்சம் என்றால், 2014-ல் பிரேசிலுக்குக் கொடுத்த 48.5 அப்போதே சந்தேகப்பட வேண்டிய எண்.

2018-க்கு வருவோம். யுபிஎஸ் வங்கி ஜெர்மனிக்கு 24 சதவீதம் தந்தது. ஜெர்மனி தென் கொரியாவிடம் 2-0 என்று தோற்று, குழுவில் கடைசியாக வந்து ஊர் திரும்பியது. இன்னொரு ஆய்வுக் குழு, 'ரேண்டம் ஃபாரஸ்ட்' என்னும் இயந்திரக் கற்றல் முறையில் ஸ்பெயினுக்கு 17.8, ஜெர்மனிக்கு 17.1 என்றது. போட்டி தொடங்க ஒரே நாள் இருக்கையில் ஸ்பெயின் தன் பயிற்சியாளர் லோபெடேகியை வேலையை விட்டு அனுப்பியது. அவர் ரியல் மாட்ரிடுக்குப் போக ஒப்புக்கொண்டது தெரியவந்ததுதான் காரணம். பிறகு ரஷ்யாவிடம் பெனால்டியில் தோற்று வெளியேறியது.

இந்த இரண்டையும் கணினியின் தோல்வி என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 24 சதவீதம் என்றால் 76 சதவீதம் ஜெர்மனி ஜெயிக்காது என்றுதான் அர்த்தம். கணக்குப் போட்டவர்கள் அதைத் தெளிவாகவே சொன்னார்கள். தலைப்பில் ஏறும்போது 24 உதிர்ந்து ஜெர்மனி மட்டும் மிஞ்சியது. சதவீதத்தை ஆரூடமாக்கிவிட்டு ஆரூடம் பொய்த்ததாக விசனப்படுவது கணக்குக்குச் செய்யும் அநியாயம்.

பலித்தவற்றையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 2010-ல் ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகர மீன் காட்சியகத்தில் இருந்த பால் என்ற ஆக்டோபஸ் எட்டுக்கு எட்டு சரியாகத் தேர்ந்தெடுத்தது. நாணயம் சுண்டினாலும் 256-ல் ஒருவருக்கு அது வாய்க்கும். அதே சமயத்தில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஜோசியக் கிளி மணி, நான்கு காலிறுதிகளையும் சரியாக எடுத்துக் கொடுத்து உலகச் செய்தியானது. இறுதி ஆட்டத்துக்கு அது எடுத்த சீட்டு நெதர்லாந்து; ஜெயித்தது ஸ்பெயின். பொருளாதார நிபுணர் ஜோகிம் க்ளெமென்ட் 2014, 2018, 2022 மூன்றிலும் சாம்பியனைச் சரியாகச் சொன்னார். மக்கள்தொகை, தனிநபர் வருமானம், தட்பவெப்பம், தரவரிசை இவைதான் அவருடைய சரக்கு. அதிர்ஷ்டத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று அவரே வெளிப்படையாகச் சொல்கிறார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். எட்டில் ஒன்று வாய்ப்புள்ள அணியை மூன்று முறையும் சரியாகச் சொல்ல 512-ல் ஒன்று. கணிப்பு வெளியிடுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ நூறு பேர். யாராவது ஒருவருக்கு அது அமைவதில் வியப்பில்லை.

2014-ல் மைக்ரோசாஃப்டின் குரல் உதவிச் செயலியான கார்ட்டானா நாக் அவுட்டின் 16 ஆட்டங்களில் 15-ஐச் சரியாகச் சொன்னது பெரிதாகப் பேசப்பட்டது. பிரேசிலை ஜெர்மனி ஜெயிக்கும் என்றதும் அதில் சேர்த்தி. நல்ல வேலைதான். ஆனால் அந்த வருஷம் குழுவில் முதலிடம் பிடித்த எட்டு அணிகளுமே அடுத்த சுற்றைத் தாண்டின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாலு வருஷத்துக்கு ஒரு சாம்பியன்தான் வருகிறார். அந்த ஒற்றைப் பெயரை வைத்து எந்தக் கணக்கையும் எடைபோட முடியாது. போன வாரம் மழைக் கணிப்பில் பார்த்த அதே வழிதான் இங்கேயும். அமெரிக்க வானிலையாளர் க்ளென் ப்ரையர் 1950-ல் வகுத்த அளவுகோலின்படி ஒவ்வொரு ஆட்டத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். சொன்ன சதவீதத்துக்கும் நடந்ததற்கும் உள்ள தூரத்தை வர்க்கப்படுத்தி, நூற்றுக்கணக்கான ஆட்டங்களுக்குச் சராசரி பார்க்க வேண்டும். 70 சதவீதம் என்று நூறு ஆட்டத்துக்குச் சொல்லியிருந்தால் ஏறக்குறைய எழுபது பலிக்க வேண்டும். தொண்ணூறு பலித்தாலும் கணக்கு சரியில்லை என்றுதான் பொருள்.

இப்போது பெலோ ஹொரிசான்டேவுக்குத் திரும்பினால், உண்மையான பிசகு எங்கே என்று தெரிகிறது. 65 சதவீத அணி தோற்பது சாதாரணம். மூன்று ஆட்டத்தில் ஒன்று அப்படித்தான் போகும். அந்த நாலாயிரத்தில் ஒன்றுதான் உறுத்துகிறது. ஒவ்வொரு நிமிடமும் முந்தைய நிமிடத்தோடு சம்பந்தமில்லாதது என்று பாய்ஸான் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. ஒரு குதிரையின் உதை இன்னொரு படைப்பிரிவின் குதிரையைப் பாதிக்காது. ஆனால் ஒரு கோல் அடுத்த கோலைப் பாதிக்கிறது. அன்று பிரேசில் அணியில், முதுகெலும்பு முறிந்து நெய்மார் இல்லை. தடை காரணமாகக் கேப்டன் தியாகோ சில்வா தடுப்பாட்டத்தில் இல்லை. சொந்த ஜனங்கள் முன்னால் இரண்டாவது கோல் விழுந்ததும் அணி நிலைகுலைந்தது, அடுத்த ஆறு நிமிடத்தில் மூன்று வாங்கியது. மனம் உடைவதற்கு அந்தச் சூத்திரத்தில் இடமில்லை. கணக்கைத் திருத்த வேண்டிய இடம் இது. ஒரு கோல் விழுந்தபின் அடுத்த கோலின் வாய்ப்பு எவ்வளவு மாறுகிறது என்பதை அளந்து சேர்க்கும் வேலையில் புள்ளியியலாளர்கள் பலர் இறங்கியிருக்கிறார்கள். கோப்பைக் கணிப்புகளைவிட அந்த ஆராய்ச்சி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2026 போட்டிக்கு வகுத்த அமைப்பில் 48 அணிகள், 12 குழுக்கள், 104 ஆட்டங்கள். மூன்றாம் இடம் பிடிக்கும் பன்னிரண்டு அணிகளில் எட்டு மேலே போகும். எந்த எட்டு என்பதற்கே 495 வகைகள். நாக் அவுட் நாலிலிருந்து ஐந்து ஆட்டமாகிறது. நம் நாலில் மூன்று அணியின் 32 சதவீதம் அங்கேயே 24-ஆக இறங்கிவிடும். இனிமேல் கணிப்பை அச்சிடும் பத்திரிகைகள் ஒற்றைப் பெயரைத் தலைப்பில் போடாமல் முழுப் பட்டியலையும், ஒவ்வொரு அணிக்கும் எதிரே அதன் சதவீதத்தையும் போட வேண்டும். போட்டி முடிந்த மறு வாரம் அதே பட்டியலை எடுத்து, ஆட்டம் ஆட்டமாக ப்ரையர் மதிப்பெண்ணோடு இன்னொரு முறை வெளியிட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து அரைப் பக்கம்தான் ஆகும்.

(தொடரும்)