பழைய காரின் நாடியைப் பார்ப்போம்

மனிதனுக்கு நோய் வந்தால், வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, காரணத்தை அறிந்த பின்னரே மருந்து கொடுக்கிறார். காரணம் அறியாமல் கொடுக்கும் மருந்தினால் பணமும் நஷ்டம், உடலுக்கும் கேடு. இது பழைய கார்களுக்கும் மிகவும் பொருந்தும். "இந்தச் சாமான் போய்விட்டது, புதிது போடுங்கள்" என்று ஊகித்துச் சொல்வது எளிது. ஊகம் தவறினால் பணம் போய்விடும். கோளாறு மட்டும் போகாது.

நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய அம்பாஸடர் காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி அமைந்த இது, மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்னும் ஊரில் தயாராயிற்று. 2014ஆம் ஆண்டு உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆயினும் திருமண ஊர்வலங்களுக்கு இன்றும் இதை விரும்பி வாடகைக்குக் கேட்கிறார்கள். எங்கள் தந்தையாரிடமும் பழைய பெட்ரோல் அம்பாஸடர் ஒன்று இருக்கிறது. அது ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு மூன்று தேவை: பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை, அதை அழுத்தும் பிஸ்டன், தக்க நேரத்தில் ஒரு தீப்பொறி. எஞ்சினை முதலில் சுழற்றிவிடப் பாட்டரி வேண்டும். ஆகவே சோதனையைப் பாட்டரியிலிருந்தே தொடங்குவோம்.

1. பாட்டரி: முன்விளக்கைப் போட்டுவிட்டு 'செல்ப்' போட்டுப் பாருங்கள். விளக்கு மங்கி, செல்ப் முனகினால் பெரும்பாலும் சார்ஜ் குறைவு. பளிச்சென்று எரிந்த விளக்கு, செல்ப் போட்டதும் அடியோடு அணைந்தால் இணைப்பில் கோளாறு. விளக்கு மங்காமலே இருந்து செல்ப் அசையாவிட்டால், மின்சாரம் செல்ப் மோட்டாரை எட்டவில்லை. சுவிட்சையும் வயரையும் பார்க்க வேண்டும். மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. சில மணி நேரம் ஓய்ந்திருந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். எஞ்சின் சற்று வேகமாக ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட் காட்ட வேண்டும். அவ்வாறு ஏறாவிட்டால் குற்றம் பாட்டரியுடையது அன்று. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், டைனமோ பழுதாகியிருக்கலாம்.

சென்ற ஆண்டு எங்கள் கார் கிளம்ப மறுத்தபோது, ஒரு பட்டறையில் புதுப் பாட்டரி போடச் சொன்னார்கள். போட்ட பின்னரும், செல்ப் போட்டால் விளக்கு அணைந்தது. கடைசியில் பார்த்தால், பாட்டரியிலிருந்து காரின் உடலுக்குச் செல்லும் எர்த் வயரின் முனையில் துரு! உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியதும் சரியாயிற்று. ஆனால் ஒரு திருமண வாடகை முழுவதும் அந்தப் பாட்டரிக்கே போய்விட்டது.

2. தீப்பொறி: செல்ப் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால், பெரியவர் ஒருவர் துணையுடன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி இளம் பழுப்பாக இருந்தால் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் எஞ்சின் ஆயில் மேலே ஏறுகிறது. பிளக்கில் பொறியே வரவில்லையென்றால், டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயிண்டைப் பார்க்க வேண்டும். பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டரும், பிளக் இடைவெளி சுமார் 0.6 மில்லிமீட்டரும் இருப்பது முறை. பாயிண்ட் அடிக்கடி கருகினால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம்.

3. பெட்ரோல்: கடும் வெயிலில் ஓடிய கார் திடீரென நின்று, ஆறிய பின் தானாகக் கிளம்பினால், பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்திருக்கக்கூடும். பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிக் குளிர வைப்பது அனுபவசாலிகளின் கைவைத்தியம்.

4. புகை: நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கறும்புகை என்றால் கலவையில் பெட்ரோல் அதிகம். கார்புரேட்டரைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்து வந்தால், ஹெட் காஸ்கெட் பழுதாகித் தண்ணீர் சிலிண்டருக்குள் கசியலாம். எஞ்சின் கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. வெந்நீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்.

5. பிரேக்: இதில் மட்டும் தாமதம் கூடாது. பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் பிரேக் குழாயில் காற்று புகுந்துள்ளது. மிதித்த கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரிலோ குழாயிலோ கசிவு. மற்றக் கோளாறுகள் காரை நிறுத்திவிடும். இந்தக் கோளாறோ காரை நிற்கவிடாது! பழுது நீங்கும்வரை காரை எடுக்கவே கூடாது.

"பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். விளக்கு மங்குகிறதா, அணைகிறதா என்று பார்க்கக் கண் போதும். உடல் வலிமை வேண்டியதில்லை. மேலும், நாம் வகுப்பில் படிக்கும் மின்சுற்றும் ஆவியாதலும் காரின் பானட்டுக்குள் கண்கூடாக நடைபெறுகின்றன.

தோழியரே, குற்றமற்ற பாட்டரியின்மேல் பழி போட்டால் பணத்தோடு போகும். குற்றமற்ற மனிதர்மேல் பழி போட்டாலோ அந்த நஷ்டத்தை எந்தப் பணத்தாலும் ஈடுசெய்ய முடியாது. எதிலும் முதலில் காரணத்தைத் தேடுவோம். பிறகு தீர்ப்புக் கூறுவோம்!