பின்னூட்டக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் அடிப்படைகள்: நிலைப்புத்தன்மையும் உணரியின் நம்பகமும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பொறியின் வெளியீட்டை அளந்து, இலக்கிலிருந்து அது விலகும் அளவைக் கொண்டே அதனைத் திருத்துவது பின்னூட்டக் கட்டுப்பாடாகும். இம்முறை பொறியின் குறைகளைப் பெரிதும் ஈடுசெய்கிறது. எனினும், மிகையான திருத்தம், காலத்தாழ்வு, பிழையான அளவீடு ஆகிய மூன்றும் அதனைப் பயனற்றதாக்கவோ தீங்கு விளைவிப்பதாகவோ மாற்றக்கூடும். இக்கருத்துகளை எளிய எண் எடுத்துக்காட்டுகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கட்டுப்பாட்டு அமைப்பு, பின்னூட்டம், பெருக்கம், நிலைப்புத்தன்மை, உணரி.

முன்னுரை

பொறியியலின் ஏறத்தாழ எல்லாப் பிரிவுகளிலும் கட்டுப்பாட்டு அமைப்புகள் இடம்பெறுகின்றன. மேல்நிலைத் தொட்டியின் மிதவை வால்வும் வானூர்தியின் தானியங்கிச் செலுத்தியும் ஒரே கோட்பாட்டின் அடிப்படையில் இயங்குபவை. இக்கோட்பாட்டைத் தமிழில் விளக்க முற்படும்போது கலைச்சொல் சார்ந்த ஒரு மயக்கம் எழுகிறது. ‘பின்னூட்டம்’ என்னும் சொல் இன்று கருத்துரை என்ற பொருளிலும் வழங்குகிறது. அதனால் ‘எதிர்மறைப் பின்னூட்டம்’ என்பது குறைகூறலையும், ‘நேர்மறைப் பின்னூட்டம்’ என்பது பாராட்டையும் நினைவூட்டுகின்றன. பொறியியலில் இவற்றின் பொருள் வேறு. விலகலுக்கு எதிர்த்திசையில் செயல்பட்டு அதனைக் குறைப்பது எதிர்மறைப் பின்னூட்டம். விலகலின் திசையிலேயே செயல்பட்டு அதனை வளர்ப்பது நேர்மறைப் பின்னூட்டம். எனவே கட்டுப்பாட்டு அமைப்பில் பொதுவாக விரும்பப்படுவது எதிர்மறைப் பின்னூட்டமே.

திறந்த வளையமும் மூடிய வளையமும்

ஒரு தொட்டியை நிரப்ப நீரேற்றும் மோட்டாரை நாள்தோறும் இருபது நிமிடம் இயக்குவதாகக் கொள்வோம். தொட்டியில் முன்னரே நீர் இருந்தால் அது வழிந்தோடும். மின்னழுத்தம் குறைந்தால் தொட்டி நிரம்பாது. வெளியீட்டை அளக்காமல் கட்டளையை மட்டும் நிறைவேற்றும் இவ்வமைப்பு திறந்த வளையம் எனப்படும். அதே தொட்டியில் மிதவை வால்வைப் பொருத்தினால், நீர்மட்டமே நீரின் வரத்தை முடிவுசெய்கிறது. இது மூடிய வளையம்.

மூடிய வளையத்தில் நான்கு உறுப்புகள் அடிப்படையானவை. வெளியீட்டை அளப்பது உணரி. அளந்த மதிப்பை இலக்கு மதிப்பிலிருந்து கழித்துப் பிழையைக் கண்டு, திருத்தத்தை முடிவுசெய்வது கட்டுப்படுத்தி. அத்திருத்தத்தைச் செயலாக்குவது இயக்கி. இவற்றால் ஆளப்படுவது பொறி. மிதவை வால்வில் மிதவையே உணரியாகவும் அதன் நெம்புகோல் கட்டுப்படுத்தியாகவும் அமைகின்றன.

பின்னூட்டத்தின் பயன்

1927ஆம் ஆண்டு பெல் ஆய்வகப் பொறியாளர் ஹரால்டு பிளாக், தொலைபேசி மிகைப்பிகளின் திரிபைக் குறைக்க எதிர்மறைப் பின்னூட்டத்தைக் கையாளும் வழியைக் கண்டறிந்தார். அதன் பயனை ஒரு கணக்கால் உணரலாம். மூடிய வளையத்தின் மொத்தப் பெருக்கம் காண, முன்வழிப் பெருக்கத்தையும் பின்வழிப் பெருக்கத்தையும் பெருக்கி, அதனுடன் ஒன்றைக் கூட்டி, வரும் தொகையால் முன்வழிப் பெருக்கத்தை வகுக்க வேண்டும். முன்வழிப் பெருக்கம் 10,000, பின்வழிப் பெருக்கம் 0.01 எனில், மொத்தப் பெருக்கம் 10,000ஐ 101ஆல் வகுத்துக் கிடைக்கும் 99.01 ஆகும். மிகைப்பி பழுதுற்று அதன் பெருக்கம் 5,000ஆகச் சரிந்தால், மொத்தப் பெருக்கம் 98.04 ஆகிறது. உறுப்பின் திறன் பாதியாகக் குறைந்தும் விளைவு ஏறத்தாழ ஒரு விழுக்காடே மாறுகிறது.

நிலைப்புத்தன்மை

பின்னூட்டத்தின் பெருக்கத்தை உயர்த்திக்கொண்டே செல்வது தீர்வாகாது. ஓர் உலையின் வெப்பநிலை இலக்கைவிட 10 பாகை குறைவாக உள்ளது எனவும், ஒவ்வோர் அளவீட்டின் பின்னும் பிழையின் ஒரு மடங்கு திருத்தப்படுகிறது எனவும் கொள்வோம். அம்மடங்கு 0.5 எனில் பிழை 10, 5, 2.5 எனத் தேயும். 1.5 எனில் 10, –5, 2.5 என ஊசலாடித் தேயும். 2 எனில் 10, –10, 10 என ஊசலாட்டம் ஓயாது. 2.5 எனில் 10, –15, 22.5 எனப் பிழை பெருகும். திருத்தவேண்டிய அமைப்பே பிழையை வளர்க்கும் இந்நிலை நிலைப்பின்மை எனப்படும்.

காலத்தாழ்வு இந்த எல்லையை மேலும் சுருக்குகிறது. மேற்கண்ட உலையில் மடங்கு 1 எனில், பிழை ஒரே படியில் மறையும். ஆனால் அளவீடு ஒரு படி தாமதமாக வந்தால், அதே மடங்கில் பிழை 10, 0, –10, –10, 0, 10, 10 என முடிவின்றிச் சுழல்கிறது. அதாவது, தாமதமின்றி 2ஆக இருந்த எல்லை, ஒரு படித் தாமதத்தால் 1ஆகக் குறைகிறது. பழைய செய்தியைக் கொண்டு இன்றைய நிலையைத் திருத்துவதே இதன் காரணம்.

இச்சிக்கல் நீராவிப் பொறிகளில் முன்னரே தோன்றியது. 1788இல் ஜேம்ஸ் வாட் தம் பொறியில் சுழல்குண்டு வேகச்சீராக்கியைப் பயன்படுத்தினார். வேகம் மிகும்போது குண்டுகள் வெளிநோக்கி விரிந்து நீராவி வால்வை ஒடுக்கும். பிற்காலத்தில் இத்தகைய சீராக்கிகள் சில, வேகத்தை நிலைநிறுத்தாமல் ஏற்றியிறக்கி அலைத்தன. 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இதனைக் கணிதவழி ஆராய்ந்தார். அமைப்பின் சிறப்புச் சமன்பாட்டின் மூலங்கள் அனைத்தும் எதிர்க்குறி மெய்ப்பகுதி கொண்டிருந்தால் மட்டுமே அமைப்பு நிலைக்கும் என அவர் காட்டினார். மூலங்களைக் கண்டறியாமலேயே இதனைச் சோதிக்கும் முறையை 1877இல் ரூத்தும் 1895இல் ஹுர்விட்சும் வழங்கினர்.

மூவகைத் திருத்தம்

பிழைக்கு நேர்விகிதத்தில் மட்டும் திருத்தும் அமைப்பில் பெரும்பாலும் ஒரு சிறு பிழை எஞ்சிநிற்கும். வாட்டின் சீராக்கியிலும் சுமை கூடும்போது வேகம் சற்றுக் குறைந்தே நிலைத்தது. வால்வு கூடுதலாகத் திறந்திருக்கச் சிறிதளவு பிழை நீடிக்கவேண்டியிருந்தது. கடந்தகாலப் பிழைகளைத் திரட்டித் திருத்தும் தொகையீட்டுப் பகுதி இவ்வெச்சத்தை நீக்குகிறது. பிழை மாறும் வீதத்தை நோக்கித் திருத்தும் வகையீட்டுப் பகுதி ஊசலாட்டத்தைத் தணிக்கிறது. கப்பல்களின் தானியங்கிச் செலுத்துகை குறித்து 1922இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி வெளியிட்ட ஆய்வு, இம்மூன்றும் இணைந்த கட்டுப்பாட்டுக்குக் கோட்பாட்டு அடிப்படையை அளித்தது. அனுபவம் மிக்க சுக்கானியர், கப்பலின் விலகலை மட்டுமன்றி அது மாறும் போக்கையும் கருத்திற்கொள்வதை அவர் நோக்கியிருந்தார்.

உணரியின் நம்பகம்

பிளாக்கின் கணக்கை மறுதிசையில் நோக்குவது இன்றியமையாதது. முன்வழிப் பெருக்கம் 10,000ஆகவே இருக்க, பின்வழிப் பெருக்கம் 0.01இலிருந்து 0.005ஆகக் குறைந்தால், மொத்தப் பெருக்கம் 99.01இலிருந்து 196.08ஆக உயர்கிறது. மூடிய வளையம் பொறியின் குறையைப் பொறுத்துக்கொள்ளும். அளவீட்டின் குறையைப் பொறுத்துக்கொள்ளாது. தவறாக அளக்கும் உணரியை அது உண்மை என ஏற்று, அத்தவற்றை நோக்கியே பொறியைச் செலுத்தும்.

போயிங் 737 மேக்ஸ் விபத்துகள் இதன் கொடிய விளைவைக் காட்டின. அவ்வானூர்தியின் மூக்கைத் தாழ்த்தும் தானியங்கி மென்பொருள், ஒவ்வொரு பறப்பிலும் தாக்குகோணத்தை அளக்கும் ஒரே உணரியை நம்பியிருந்தது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் அவ்வுணரி தவறான மதிப்பைத் தர, மென்பொருள் மூக்கை மீண்டும் மீண்டும் தாழ்த்தியது. இரு விபத்துகளிலும் 346 பேர் உயிரிழந்தனர். விசாரணைகள் வேறு பல காரணங்களையும் சுட்டின. எனினும் ஒற்றை உணரியைச் சார்ந்த வடிவமைப்பு அவற்றுள் முதன்மையானது. திருத்திய வடிவமைப்பில் இரு உணரிகளின் மதிப்புகள் ஒப்பிடப்படுகின்றன. அவை பெரிதும் முரண்பட்டால் மென்பொருள் செயல்படாது.

முடிவுரை

கட்டுப்பாட்டு அமைப்பின் தரத்தை அதன் திருத்தும் வலிமையைக் கொண்டு மட்டும் மதிப்பிட இயலாது. திருத்தத்தின் அளவு, செய்தி வந்துசேரும் காலம், அளவீட்டின் உண்மை ஆகிய மூன்றும் ஒருங்கே நோக்கப்பட வேண்டும். முதலிரண்டையும் நிலைப்புத்தன்மைச் சோதனைகள் கணிதவழி உறுதிசெய்யும். மூன்றாவது, சமன்பாட்டிற்குள் பெரும்பாலும் உண்மை எனவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆதலின் கட்டுப்பாட்டியலைக் கற்பிக்கும்போது, பின்வழிப் பாதையை வரைபடத்தின் ஒரு கோடாக மட்டும் காட்டாமல், பிழைபடக்கூடிய ஓர் உறுப்பாகவும் காட்டுவது தேவையாகிறது.