உயிர்த்த ஞாயிறுக்குக் காத்திருக்கும் நாற்பது நாள்

விபூதிப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல் எங்கேயிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. போன வருடம் குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைதான் அது. காம்பராச் சுவரில் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துக் காய்ந்துபோன ஓலையைக் கோயிலில் திருப்பிக் கொடுத்தால், அதை எரித்துச் சாம்பல் எடுப்பார்கள். ஆகவே குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

அன்றிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறு ஒவ்வொன்றும் ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் ஆறு ஞாயிறுகளையும் கழித்து நாற்பது என்கிறோம். மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபையார் இதையே லெந்து காலம் என்பார்கள். திகதி ஏன் வருடா வருடம் மாறுகிறது? மார்ச் 21ஆம் திகதியோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறே உயிர்த்த ஞாயிறு. நம்ம கலண்டரில் பெரும்பாலும் மெதின் போயா அல்லது பக் போயாவைப் பார்த்தால் போதும். 2024இல் மெதின் போயா மார்ச் 24, உயிர்த்த ஞாயிறு மார்ச் 31. கோயில் கணக்கு வேறு என்பதால் சில வருடம் கொஞ்சம் முன்பின்னாகும்.

தவக்காலம் என்றதும் பட்டினிதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் ஆதிச் சபையில் இது ஞானஸ்நானம் பெறப்போகிறவர்கள் ஆயத்தமாகிய காலம். பாஸ்கு இரவில் ஞானஸ்நானம் கிடைக்கும் என்று நாளை எண்ணிக்கொண்டு இருந்தார்கள். இன்றும் இந்த நாட்களில் அல்லேலூயா பாடுவதில்லை. அந்த இரவில் விளக்கை அணைத்து, புதுநெருப்பில் பாஸ்குத் திரி ஏற்றியபின்தான் பாடுவோம். அதற்காகத்தான் இத்தனை நாள் வாய்மூடிக் காத்திருப்பது.

இனி ஒருசந்தி விசயம். இதைக் கட்டாயம் சொல்லவேண்டியிருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி இரண்டே நாள்: விபூதிப் புதன், பெரிய வெள்ளி. 18 வயதிலிருந்து 59 வயது முடியும்வரை உள்ளவர்களுக்கு மட்டும். ஒருநேரம் முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு நேரமும் கொஞ்சமாகச் சாப்பிடலாம். நோயாளிகள், பிள்ளைத்தாய்ச்சிகள், பால் கொடுக்கிற தாய்மார், கடும் வேலை செய்கிறவர்கள் இருக்கத் தேவையில்லை என்பது நெடுநாள் வழக்கம். அப்படியிருக்க, நாற்பது நாளும் வெறும் தேத்தண்ணியோடு பெரட்டுக்குப் போய், வெயிலில் கொழுந்துக்கூடையோடு மயங்கி விழுவதை யார் கேட்டார்கள்? ஏற்கெனவே இரத்தம் குறைந்த தாய்மார் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! சந்தேகமிருந்தால் சுவாமியிடம் கேளுங்கள். தோட்ட டிஸ்பென்சரியிலும் கேளுங்கள்.

இறைச்சியை விடுவதும் நமக்குப் பெரிய காரியமில்லை, மாதத்தில் எத்தனை தடவை வாங்குகிறோம்? சம்பள நாளில் போத்தலை விடுவதுதான் ஆண்களுக்கு உண்மையான ஒருசந்தி. அந்தக் காசு வீட்டு உண்டியலில் விழுந்தால் பிள்ளையின் கொப்பிக்கும் ஆகும், அடுத்த லயத்தில் படுத்திருக்கும் கிழவிக்கும் ஆகும்.

சித்திரை வருடப்பிறப்பு சில சமயம் இதற்குள் வந்துவிடும். 2017இல் ஏப்ரல் 14 பெரிய வெள்ளியும் வருடப்பிறப்பும் ஒரே நாள். இப்படி வரும்போது பக்கத்து வீட்டார் கொடுக்கும் பலகாரத்தை வேண்டாம் என்று முகத்தில் அடித்தமாதிரிச் சொல்லத் தேவையில்லை. வாங்கி வைத்து ஞாயிறன்று பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். மாசியில் காமன் கூத்துக்கு வேசம் கட்ட விரதம் இருக்கிறவர்களுக்கு நம் விரதமும் விளங்கும். ஒருசந்தி என்ற சொல்லே இரண்டு பக்கத்துக்கும் பொதுவானதுதானே.

1972இல் உருவான பதுளை மறைமாவட்டத்துக்குள் பதுளை, மொனராகலை இரண்டு மாவட்டமும் அடக்கம். தூரத்துத் தோட்டங்களுக்கெல்லாம் வெள்ளிதோறும் சுவாமி வந்துசேர முடியாது. சிலுவைப்பாதைக்குச் சுவாமி இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. உபதேசியாரோ, வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையோ நடத்தலாம். பதினான்கு தலத்துக்கும் மலைப்பாதையில் பதினான்கு குச்சிச் சிலுவை நட்டால் போதும். வேலை விட்டு வந்து, கூடையை இறக்கி வைத்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இருட்டுமுன் தொடங்குங்கள்.