நீங்க மறுக்கும் மென்பொருள்கள்

கணினியில் நிறுவப்பட்ட ஒரு மென்பொருளை வழக்கமான வழிகளில் அகற்றவோ, பழுதுநீக்கவோ, மீண்டும் நிறுவவோ முடியாமல் போகும் நிலை விண்டோஸ் பயனர்கள் பலரும் சந்திக்கும் ஒன்றாகும். அன்இன்ஸ்டால் பொத்தானை அழுத்தினால் பிழைச்செய்தி வருகிறது. பழுதுநீக்கிப் பார்க்கலாம் என்று ரிப்பேரை அழுத்தினால் அதே செய்தி. மேலேயே புதிதாக நிறுவிவிடலாம் என்றால், பழைய பதிப்பை முதலில் நீக்கச் சொல்கிறது. பழைய பதிப்போ நீங்காது. மூன்று கதவுகளும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்வது தற்செயல் அன்று. இம்மூன்று வேலைகளும் ஒரே பதிவேட்டை நம்பி நடப்பவை. அந்தப் பதிவேடு கெட்டால் மூன்றும் சேர்ந்து நின்றுவிடும்.

இந்நிலையில் ‘ஃபார்மட் போட்டுவிடலாம்’ என்பதே பழுதுபார்க்கும் கடைகளில் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் யோசனை. வட்டை முழுவதும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினால் சிக்கல் தீரும் என்பது உண்மைதான். ஆனால் அதனுடன் மாணவரின் திட்டப்பணிக் கோப்புகளும், குடும்பப் படங்களும், உரிமக் குறியீடு தொலைந்துபோன பழைய மென்பொருள்களும் சேர்ந்து போய்விடக்கூடும். ஒரு மென்பொருளின் பதிவு கெட்டதற்காக அத்தனையையும் இழப்பது பெரும்பாலும் தேவையற்றது.

நிறுவும்போது நடப்பது

மென்பொருளை நிறுவுவது என்றால் அதன் கோப்புகளை ஒரு கோப்புறையில் நகலெடுத்து வைப்பது என்றே பலரும் எண்ணுகின்றனர். அது வேலையின் ஒரு பகுதிதான். ரெஜிஸ்ட்ரி எனப்படும் விண்டோசின் பதிவகத்தில் குறிப்புகள் எழுதப்படுகின்றன. சில கோப்புகள் பிற மென்பொருள்களும் பயன்படுத்தும் பொது இடங்களில் வைக்கப்படுகின்றன. பின்னணியில் இயங்கும் சேவைகள் சேர்க்கப்படுகின்றன. 1990களில் ஒவ்வொரு நிறுவனமும் இவற்றைத் தன் விருப்பப்படி செய்துவந்தது. ஒரு மென்பொருளை நீக்கும்போது பிறவற்றுக்கும் தேவையான பொதுக் கோப்பும் சேர்ந்து அழிவதும், தொடர்பே இல்லாத வேறொரு மென்பொருள் மறுநாள் இயங்க மறுப்பதும் அக்காலத்தில் பழகிப்போன தொல்லை.

இதில் ஓர் ஒழுங்கைக் கொண்டுவர மைக்ரோசாஃப்ட் உருவாக்கியதே விண்டோஸ் இன்ஸ்டாலர். 1999இல் ஆஃபிஸ் 2000 தொகுப்புடன் இது வெளிவந்தது. பின்னர் இயங்குதளத்தின் பகுதியாகவே ஆனது. இதற்கென அமைந்த எம்எஸ்ஐ வகைக் கோப்பு உண்மையில் ஒரு சிறு தரவுத்தளம். எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும், பதிவகத்தில் எந்த வரி எழுதப்பட வேண்டும், எந்தக் குறுவழி உருவாக வேண்டும் என்பவை அதில் அட்டவணைகளாக இருக்கும். நிறுவல் முடிந்ததும் அந்தத் தரவுத்தளத்தின் நகல் ஒன்றை, சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் என்னும் உட்கோப்புறையில் இயங்குதளம் சேமித்துக்கொள்ளும். மென்பொருளின் பெயர் அந்த நகலுக்கு இராது. எண்ணும் எழுத்தும் கலந்த, பார்ப்பவருக்குப் பொருள்படாத ஒரு பெயர் இருக்கும். எந்தப் பெயர் எந்த மென்பொருளுக்குரியது என்னும் குறிப்பு பதிவகத்தில் இருக்கும்.

அகற்றும் நாளில் இந்த நகலைத் திறந்து படித்துத்தான், செய்தவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிச் செய்கிறது விண்டோஸ். பழுதுநீக்கலும் அதையே கேட்கிறது. புதிய பதிப்பை நிறுவும்போது பழையதை அகற்றும் படி முதலில் வந்தால், அதற்கும் பழைய பதிப்பின் நகல் தேவை.

பள்ளியில் இதற்கு ஒப்பான நிலை உண்டு. ஊரைவிட்டே போய்விட்ட மாணவனின் பெயர் பதிவேட்டில் நீக்கப்படாமல் இருக்கிறது. திரும்பி வந்து சேர விரும்பினால், ‘பெயர்தான் ஏற்கெனவே இருக்கிறதே’ என்கிறார் எழுத்தர். சரி, மாற்றுச் சான்றிதழ் கொடுங்கள் என்றால், சேர்க்கைப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தைக் காணவில்லை என்கிறார். மாணவன் எதிரில்தான் நிற்கிறான். சிக்கல் முழுவதும் ஏட்டில் இருக்கிறது.

பதிவு கெடும் வழிகள்

மென்பொருளின் கோப்புறையைக் கையால் அழித்துவிடுவது மிகப் பரவலான காரணம். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் சென்று டெலீட் விசையை அழுத்தியதும் மென்பொருள் போய்விட்டதாகத் தோன்றும். பதிவகமோ அது இருப்பதாகவே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும்.

இதைவிட விளைவு மோசமானது, இன்ஸ்டாலர் கோப்புறையைக் காலி செய்வது. சி டிரைவ் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வருகிறது. பெரிய கோப்புறைகளைத் தேடும்போது பல ஜிகாபைட் அளவில் இது கண்ணில் படுகிறது. பொருளற்ற பெயர்களுடன் கிடக்கும் கோப்புகள் குப்பை போலவே தோன்றும். அழித்த அன்று எதுவும் கெடாது; எல்லா மென்பொருள்களும் வழக்கம்போல இயங்கும். மாதங்கள் கழித்து ஒரு மேம்படுத்தல் வரும்போதுதான் வினை வெளிப்படும். அதற்குள் என்ன அழித்தோம் என்பதே மறந்திருக்கும். வேறொரு கணினியிலிருந்து அந்தக் கோப்புறையை நகலெடுத்து வைப்பதும் பயன் தராது. பெயர்கள் கணினிக்குக் கணினி மாறுபடுபவை. விண்டோசுடன் வரும் வட்டுத் துப்புரவுக் கருவி இந்தக் கோப்புறையைத் தொடுவதில்லை என்பதிலிருந்தே அதன் முக்கியத்துவத்தை உணரலாம்.

நிறுவலின் நடுவே மின்சாரம் போவது, பதிவகத்தைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் நிரல்கள் தேவையான வரிகளையும் நீக்கிவிடுவது ஆகியவையும் காரணங்களே. விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். யூனிகோடு அறியாத சில பழைய நிறுவல் நிரல்கள், அந்தப் பெயர் இடம்பெறும் தற்காலிகக் கோப்புறையைத் திறக்க முடியாமல் நின்றுவிடும். குறை அந்த நிரலுடையது. ஆங்கில எழுத்தில் பெயருள்ள நிர்வாகிக் கணக்கு ஒன்றை உருவாக்கி அதிலிருந்து நிறுவிப் பார்க்கலாம்.

பிழை எண்கள் சொல்வது

பிழைச்செய்தியைப் படிக்காமல் மூடிவிடுவது பெரும்பாலோர் வழக்கம். அதிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டால் பாதித் தேடல் மிச்சமாகும். 1618 என்றால் வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஒரே நேரத்தில் ஒரு நிறுவலை மட்டுமே விண்டோஸ் இன்ஸ்டாலர் நடத்தும். காத்திருந்தால் அல்லது கணினியை மறுதொடக்கம் செய்தால் போதும். 1612 என்பது மூல நிறுவல் கோப்பு கிடைக்கவில்லை என்பதைச் சொல்கிறது. 1714 பழைய பதிப்பை அகற்ற முடியவில்லை என்பது. இவ்விரண்டையும் கண்டால் சேமித்து வைத்த நகல் தொலைந்திருக்கிறதா என்றே முதலில் ஐயுற வேண்டும். 1605 வந்தால் அந்த மென்பொருள் நிறுவப்பட்டதாகவே பதிவு இல்லை.

1603 மட்டும் தொல்லை தருவது. அது ‘ஏதோ பெரிய தவறு நடந்தது’ என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. நிறுவப்படும் கோப்புறை மறையாக்கம் செய்யப்பட்டிருப்பது, அதன்மீது சிஸ்டம் கணக்குக்கு முழு அனுமதி இல்லாதது, அதே மென்பொருள் ஏற்கெனவே இருப்பது எனப் பல காரணங்கள் இருக்கலாம். உண்மைக் காரணத்தை அறிய நிகழ்வுப் பதிவை எழுதச் செய்து நிறுவ வேண்டும். கட்டளைச் சாளரத்தில் எம்எஸ்ஐஎக்ஸெக் கட்டளையுடன், சாய்கோட்டை அடுத்து எல், நட்சத்திரக்குறி, வி ஆகியவற்றையும் ஓர் உரைக்கோப்பின் பெயரையும் சேர்த்தால் ஒவ்வொரு படியும் அதில் பதிவாகும். கோப்பு மிக நீளமாக இருக்கும். அதில் ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்று ஆங்கிலத்தில் வரும் இடத்தைத் தேடி, அதற்குச் சற்று மேலுள்ள வரிகளைப் படித்தால் பெரும்பாலும் காரணம் தென்படும்.

சரிசெய்யும் முறை

முதல் வேலை, தேவையான கோப்புகளை வெளி வட்டிலோ பென்டிரைவிலோ நகலெடுத்து வைப்பது. அடுத்தது மறுதொடக்கம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. விண்டோஸ் 8 முதல் வந்துள்ள விரைவுத் தொடக்க வசதியால், ஷட்டவுன் செய்து மீண்டும் இயக்குவது முழுமையான புதுத் தொடக்கம் ஆகாது. ரீஸ்டார்ட் என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பயன்பாட்டில் இருந்ததால் அழிக்க முடியாத கோப்புகள் அப்போது விடுபடும். மறுதொடக்கத்துக்காகக் காத்திருந்த முந்தைய நிறுவலும் முடிவடையும். பிறகு நிர்வாகிக் கணக்கில் நுழைந்து மீண்டும் முயல வேண்டும். கணிசமான சிக்கல்கள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகின்றன.

தீராவிட்டால், மென்பொருள் எந்த வகையில் நிறுவப்பட்டது என்று பார்க்க வேண்டும். எல்லா மென்பொருள்களும் விண்டோஸ் இன்ஸ்டாலரைப் பயன்படுத்துவதில்லை. இன்னோ செட்டப் போன்ற கருவிகளால் உருவாக்கப்பட்டவை தம் நீக்கும் நிரலைத் தம் கோப்புறைக்குள்ளேயே வைத்திருக்கும். கோப்புறையை அழித்தவர்கள் அந்த நிரலையும் சேர்த்தே அழித்திருப்பார்கள். இவ்வகைக்கு மருந்து எளிது: அதே பதிப்பை அதே இடத்தில் மறுபடி நிறுவினால் நீக்கும் நிரல் திரும்பி வரும், பிறகு முறையாக நீக்கலாம்.

பிழைச்செய்திச் சாளரத்தின் தலைப்பில் விண்டோஸ் இன்ஸ்டாலர் என்று இருந்தால், தொலைந்த நகலை மீட்பதே நேரான வழி. அதற்கு முதலில் நிறுவிய அதே பதிப்பின் எம்எஸ்ஐ கோப்பு வேண்டும். புதிய பதிப்பு உதவாது. தயாரிப்பாளரின் தளத்தில் பழைய பதிப்புகள் கிடைக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். கிடைத்ததும், நிர்வாகியாகத் திறந்த கட்டளைச் சாளரத்தில் எம்எஸ்ஐஎக்ஸெக் கட்டளையை அடுத்து ஒரு சாய்கோடும், இடைவெளியின்றி எஃப், வி, ஓ, எம், யூ, எஸ் என்னும் ஆறு எழுத்துகளும், பின்னர் அந்தக் கோப்பின் பெயரும் தர வேண்டும். இவற்றுள் வி என்பதே முக்கியம். வெளியிலிருக்கும் கோப்பைப் படித்து நகலைப் புதிதாகச் சேமிக்கச் சொல்வது அதுதான். கோப்பின் பெயர் முதலில் நிறுவியபோது இருந்ததாகவே இருக்க வேண்டும். ஒரே கோப்பை இரண்டாம் முறை பதிவிறக்கினால் உலாவி அதன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் 1 என்று சேர்த்துவிடும். அதை நீக்காமல் விட்டால் கோப்பு கிடைக்கவில்லை என்ற செய்தியே மீண்டும் வந்து குழப்பும்.

மூலக் கோப்பு எங்கும் கிடைக்கவில்லை என்றால், நிறுவல் மற்றும் நீக்கல் சிக்கல்களுக்காக மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் டிரபிள்ஷூட்டர் கருவியை நாடலாம். அது கணினியிலுள்ள மென்பொருள்களின் பட்டியலைக் காட்டி, எது சிக்கல் தருகிறது என்று கேட்கும். தேர்ந்தெடுத்த மென்பொருளுக்குரிய பதிவுகளை அகற்றும். கோப்புகள் சில மிச்சம் இருக்கலாம். பதிவு நீங்கியபின் அவற்றைக் கையால் அழிப்பதில் தடை இல்லை. நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்களுக்கு இந்த வழி ஏற்றதன்று. தம்மை எவரும் அகற்றிவிடாதபடி காத்துக்கொள்ளும் வகையில் அமைந்தவை அவை. அவற்றின் தயாரிப்பாளர்கள் பலர் தனி நீக்கும் கருவியைத் தம் தளத்திலேயே தருகின்றனர்.

சேஃப் மோடில் சென்று நீக்குமாறு சொல்லும் அறிவுரை அடிக்கடி கேட்கப்படுவது. விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை அந்த நிலையில் இயல்பாக இயங்குவதில்லை என்பதால், எம்எஸ்ஐ வகை மென்பொருளுக்கு அது புதிய பிழை ஒன்றையே சேர்க்கும். மேற்சொன்ன தனிக் கருவிகள் சில சேஃப் மோடைக் கேட்கலாம்; அது வேறு.

பதிவகத்தைக் கையால் திருத்துவது கடைசி வழி. திருத்துமுன் அந்தப் பகுதியை ஏற்றுமதி செய்து சேமிக்க வேண்டும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் 32 இலக்கம் கொண்ட அடையாளக் குறியீடு உண்டு. அன்இன்ஸ்டால் பட்டியலில் அது நேராகவும், இன்ஸ்டாலரின் சொந்தப் பகுதியில் மாற்றியடுக்கியும் எழுதப்பட்டிருக்கும். 12345678 என்று தொடங்கும் குறியீடு அங்கே 87654321 என்று தொடங்கும். இதை அறியாமல் தேடுவோர் ஒரு பகுதியை மட்டும் கண்டு அழித்துவிட்டு, வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கின்றனர். அரைகுறையாக அழிந்த பதிவு முழுப் பதிவைவிடத் தொல்லையானது.

திரும்பப் பெறப்பட்ட கருவி

இத்தகைய பதிவுகளைத் துடைக்க விண்டோஸ் இன்ஸ்டாலர் கிளீனப் யுட்டிலிட்டி என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் முன்பு வழங்கிவந்தது. கணினியிலுள்ள பிற மென்பொருள்களின் கூறுகளையும் அது சில வேளைகளில் சேதப்படுத்தியதால், 2010இல் அதைத் தன் பதிவிறக்கத் தளத்திலிருந்து நீக்கிவிட்டது. அதன் நகல்கள் இன்னும் வேறு தளங்களில் உலவுகின்றன. பழைய வழிகாட்டிகள் பலவும் அதையே பரிந்துரைக்கின்றன. உருவாக்கிய நிறுவனமே கைவிட்ட ஒன்றை, யாரென்று தெரியாத ஒருவரின் தளத்திலிருந்து இறக்கி நிர்வாகி அனுமதியுடன் இயக்குவது இரட்டைத் துணிச்சல். ‘ஒரே சொடுக்கில் எல்லாம் நீங்கும்’ என்று விளம்பரம் செய்யும் முகம் தெரியாத நிரல்களுக்கும் இது பொருந்தும்.

லினக்சில்

டெபியன் வழிவந்த லினக்ஸ் வழங்கல்களிலும் இச்சிக்கல் உண்டு. சி-டாக் உருவாக்கி, தமிழ்நாட்டு அரசின் இலவச மடிக்கணினிகளிலும் இடம்பெற்ற பாஸ் லினக்ஸ் இவ்வகையைச் சேர்ந்தது. இங்கே பதிவேட்டை வைத்திருப்பது டிபிகேஜி என்னும் நிரல். ஒரு பொதியை நீக்குமுன் இயங்க வேண்டிய சிறு குறுநிரல் பிழையுடன் நின்றால், பொதி நீங்காமல் அரைநிலையில் தங்கும். பதிவேடு படிக்கத்தக்க எளிய உரைக்கோப்பாகவும், குறுநிரல்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்திலும் இருப்பதால், எது தடுக்கிறது என்று கண்டறிவது விண்டோசைவிட எளிது.

விண்டோசில் முழு மறுநிறுவல் உண்மையிலேயே தேவைப்படும் நிலையும் ஒன்று உண்டு. இன்ஸ்டாலர் கோப்புறை முழுவதும் காலியாகி, பல மென்பொருள்களின் நகல்கள் ஒரே நேரத்தில் தொலைந்து, அழிப்பதற்கு முன் எடுத்த காப்பு நகலும் இல்லாதபோது ஒவ்வொன்றாகச் சரிசெய்வதற்கு முடிவே இராது. அப்போது கோப்புகளை முதலில் வெளியே எடுத்து வைத்து, உரிமக் குறியீடுகளைத் தாளில் எழுதிக்கொண்டு, அதன் பிறகே ஃபார்மட் செய்ய வேண்டும்.