ஜனங்கள் தராத மெஜாரிட்டி

தேர்தலில் ஜெயித்தவர் ஆளவேண்டும், தோற்றவர் விலகி நிற்கவேண்டும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த நியாயம். ஆனால் ஜனங்கள் ஒருவரையுமே பூரணமாக ஜெயிக்க வைக்கவில்லையென்றால் ஆளும் உரிமை யாருக்கு? இந்திய ராஜ்யங்களில் சட்டசபைத் தேர்தல் முடிந்து, எந்தக் கட்சிக்கும் தனி மெஜாரிட்டி இல்லை என்று தெரிந்த மறுகணமே இந்தக் கேள்வி தலைதூக்குகிறது. பேரங்கள் நடக்கின்றன, கவர்னரின் வாசலில் கூட்டம் கூடுகிறது. இதைக் காணும் நம்மவர்களில் பலர், இது பிற்காலத்தில் வந்து சேர்ந்த சீர்கேடு, ஆதியில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது என்று எண்ணி ஆறுதல் கொள்ளுகிறார்கள். அந்த ஆறுதலுக்கு ஆதாரமில்லை. குடியரசின் முதல் தேர்தலிலேயே, நமது சென்னை ராஜ்யத்திலேயே, இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. அதற்கு அன்று சொல்லப்பட்ட விடையை நிதானமாக ஆராய்வது நமது கடமை.

முதல் பரீக்ஷை

1952-ம் வருஷ ஆரம்பத்தில் சென்னை ராஜ்யம் என்றால் ஸ்ரீகாகுளம் முதல் திருநெல்வேலி வரையில் பரந்த பிரதேசம். மேற்குக் கரையில் மலபாரும் தென் கன்னடமும் அதில் அடக்கம். சட்டசபை ஸ்தானங்கள் 375, தொகுதிகள் 309. இவற்றில் 66 தொகுதிகள் இரண்டு அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்கும் இரட்டைத் தொகுதிகள். 1937-ம் வருஷத்தில் 215 ஸ்தானங்களில் 159-ஐக் காங்கிரஸ் கைப்பற்றியபோது, சொத்தும் வரியும் படிப்பும் உடையவர்களுக்கே பெரும்பாலும் வோட்டுரிமை இருந்தது. 1952-லோ 21 வயது நிரம்பிய ஒவ்வொரு ஆணும் பெண்ணும் வோட்டர். பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே வரிசையில் நின்றார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு அபேட்சகருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதில் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள். நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை ஒரு பெட்டியில். கதிரும் அரிவாளும் ஒரு பெட்டியில். குடிசை ஒரு பெட்டியில். மறைவிடத்தில் தனியாக நின்று, தன் சீட்டை எந்தப் பெட்டியில் போடுவது என்று தானே தீர்மானிக்கும் அதிகாரம் ஏழைக் குடியானவனுக்கு அன்றுதான் கிடைத்தது.

தீர்ப்பின் விவரம்

அவன் அளித்த தீர்ப்பு பலரைத் திகைக்க வைத்தது. காங்கிரஸுக்கு 152 ஸ்தானங்கள். மெஜாரிட்டிக்கு வேண்டியவை 188. கம்யூனிஸ்டுகள் 62 ஸ்தானங்கள் பெற்றார்கள்; சுயேச்சைகளும் 62 பேர். பிரகாசம் அவர்களின் கிஸான் மஸ்தூர் பிரஜா கட்சிக்கு 35, தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு 19, ரங்காவின் கிருஷிகார் லோக் கட்சிக்கு 15, சோஷலிஸ்டுகளுக்கு 13, காமன்வீல் கட்சிக்கு 6, முஸ்லிம் லீக்குக்கு 5. முதன் மந்திரி குமாரசாமி ராஜாவே ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். பக்தவத்ஸலம், கோபால ரெட்டி முதலிய மந்திரிகளும் தோற்றார்கள்.

தமிழ்ப் பகுதியில் காங்கிரஸ் ஏறக்குறையச் சரிபாதி ஸ்தானங்களைக் காப்பாற்றிக் கொண்டது. ஆந்திரப் பகுதியில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. மலபாரில் அது விரல்விட்டு எண்ணும் நிலைக்கு இறங்கிற்று. சுதந்திரம் வாங்கிக் கொடுத்த ஸ்தாபனத்திற்கு ஐந்து வருஷத்திற்குள் ஏன் இந்தக் கதி? காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. மழை பொய்த்தது, ரேஷன் அரிசி குறைந்தது, நெல் கொள்முதல் கெடுபிடி விவசாயியை வாட்டிற்று, நூல் கிடைக்காமல் நெசவாளி தவித்தான். ஆந்திர மாகாணக் கோரிக்கை நிறைவேறாமல் நின்றது. இவ்வளவும் போதாதென்று கட்சிக்குள் கோஷ்டிச் சண்டை. பிரகாசமும் ரங்காவும் வெளியேறியது அதன் பலனே.

இன்னொரு கணக்கையும் கவனிக்கவேண்டும். பதிவான வோட்டுகளில் காங்கிரஸ் பெற்றது நூற்றுக்குச் சுமார் 35. பெற்ற ஸ்தானங்களோ நூற்றுக்கு 40. அதாவது, எதிரிகள் பல பிரிவாகப் பிரிந்து நின்றதால்தான் காங்கிரஸுக்கு 152-ஆவது கிடைத்தது. ஜனங்கள் காங்கிரஸை வேண்டாம் என்று சொன்னார்கள் என்பது உண்மை. அதன் இடத்தில் இன்னார் வரட்டும் என்று சொல்லவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இரு தரப்பு வாதம்

தேர்தலுக்குப் பின் கம்யூனிஸ்டுகளும் பிரஜா கட்சியும் மற்றும் சிலரும் சேர்ந்து பிரகாசத்தின் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைத்து, மந்திரிசபை அமைக்கும் உரிமையைக் கோரினார்கள். எங்கள் தொகை காங்கிரஸின் தொகைக்கு மேல் என்பது அவர்கள் வாதம். தனிக்கட்சிகளில் பெரியது நாங்களே, நீங்கள் வோட்டர்முன் ஒன்றாக நின்றவர்களல்ல என்பது காங்கிரஸின் வாதம். இரண்டு வாதத்திலும் நியாயம் உண்டு. வோட்டு எண்ணி முடிந்தபின் செய்துகொண்ட உறவை ஜனங்கள் அங்கீகரித்த உறவு என்று சொல்ல முடியாது. அதுபோலவே, ஜனங்களால் மூன்றில் இரு பங்கு வோட்டுகளால் மறுக்கப்பட்ட கட்சி, பெரிய கட்சி என்ற ஒரே காரணத்தால் தனக்கு ஆளும் பாத்தியதை உண்டு என்று சொல்லுவதும் பொருந்தாது.

கவர்னர் ஸ்ரீ பிரகாசா முன்னணியை அழைக்கவில்லை. காங்கிரஸார், பொதுவாழ்விலிருந்து ஓய்வு பெற்றிருந்த ராஜாஜியைத் தலைமை ஏற்க வேண்டினார்கள். அவருக்கு அப்போது 73 வயது. கவர்னர் ஜெனரலாகவும் மத்திய உள்நாட்டு மந்திரியாகவும் இருந்தவர். அவருடைய திறமையைப் பற்றி எவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவர் எந்தத் தொகுதியிலும் நின்றவரல்ல. இலக்கியம், விஞ்ஞானம், கலை, கூட்டுறவு, சமூக சேவை இவற்றில் தேர்ந்தவர்களுக்கென்று அரசியல் சட்டம் மேல்சபையில் ஒதுக்கியிருந்த நியமன ஸ்தானம் ஒன்று அவருக்குக் கொடுக்கப்பட்டது. 1952 ஏப்ரல் 10-ந் தேதி அவர் முதன் மந்திரியானார். கம்யூனிஸ்டு தலைவர் பி. ராமமூர்த்தி நியமனத்தை எதிர்த்து ஹைகோர்ட்டுக்குச் சென்றார், பலிக்கவில்லை. ராஜாஜி சிறந்த எழுத்தாளர் என்பதை மறுப்பார் இல்லை. ஆயினும் புலவர்களுக்காக இட்ட ஆசனம் முதன் மந்திரியை உட்கார வைப்பதற்காக இட்டதல்ல. சட்டம் தடுக்கவில்லை என்பது ஒன்று. முறை என்பது வேறொன்று.

152 எப்படி 200 ஆயிற்று?

1952 ஜூலை 3-ந் தேதி சட்டசபையில் நம்பிக்கைப் பிரேரணை வோட்டுக்கு வந்தது. ஆதரவாக 200 பேர். எதிராக 151 பேர். காங்கிரஸ் கட்சிக்கு ஜனங்கள் கொடுத்தது 152. மிச்சத்தை யார் கொடுத்தார்கள்? சுயேச்சைகள் சிலர், சிறு கட்சிக்காரர் சிலர். காமன்வீல் கட்சித் தலைவர் மாணிக்கவேலு நாயக்கருக்கு மந்திரி பதவி கிடைத்தது. உழைப்பாளர் கட்சித் தலைவர் ராமசாமிப் படையாச்சியும் 1954-ல் மந்திரியானார். இரு கட்சிகளும் காங்கிரஸில் கரைந்தன. அந்தத் தேர்தலில் தான் நேராக இறங்காத திராவிட முன்னேற்றக் கழகம், தன் கொள்கைப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களை ஆதரித்தது. இந்த இரு கட்சிகளும் அந்த ஆதரவைப் பெற்றவை. தென்னாற்காட்டிலும் வடவாற்காட்டிலும் காளைப் பெட்டியை வேண்டுமென்றே ஒதுக்கி வேறு பெட்டியில் சீட்டைப் போட்ட குடியானவன், கடைசியில் தன் சீட்டு காளைப் பெட்டிக்கே போய்ச் சேர்ந்ததைக் கண்டான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த மந்திரிசபை நன்மையே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. அதே 1952-ல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டைத் துணிந்து நீக்கினார். ஜனங்கள் அதை மனமார வரவேற்றார்கள். ஆனால் 1953-ல் அவர் ஆரம்பப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் குடும்பத் தொழில் என்ற திட்டத்தைக் கொணர்ந்தபோது நாடெங்கும் கொந்தளித்தது. குலக்கல்வி என்று அதற்குப் பெயர் விழுந்தது. எந்தத் தேர்தல் மேடையிலும் ஜனங்கள்முன் வைக்கப்படாத திட்டம் அது. தொகுதியே இல்லாத முதன் மந்திரிக்குத் தொகுதியின் முணுமுணுப்பு எப்படிக் காதில் விழும்? 1954 ஏப்ரலில் அவர் விலக நேர்ந்தது.

குடியாத்தம் காட்டிய வழி

அவருக்குப் பின் வந்த காமராஜ் அப்போது பார்லிமெண்ட் அங்கத்தினர்; சட்டசபையில் இடமில்லாதவர். மேல்சபையின் கதவு அவருக்கும் திறந்தே இருந்தது. அவர் அந்த வழியே செல்லாமல், 1954-ல் குடியாத்தம் உபதேர்தலில் நின்று வென்று வந்தார். சட்டசபைக்குள் அங்கத்தினர்களைச் சேர்ப்பது ஒரு பலம். ஜனங்களிடம் சென்று அவர்கள் வாயால் "சரி" என்று சொல்ல வைப்பது வேறு பலம். இரண்டாவதே நிலைக்கும். காமராஜ் 1963 வரையில் முதன் மந்திரியாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

சட்டம் அதன்பின் பல பாடங்களைக் கற்றது. கட்சி மாறுவதைத் தண்டிக்கும் பத்தாவது அட்டவணை 1985-ல் வந்தது. தமிழ்நாட்டு மேல்சபை 1986-ல் எடுக்கப்பட்டது. தேர்தலுக்கு முன் அமைந்த கூட்டணியை முதலிலும், தனிப்பெருங்கட்சியை அடுத்தும், தேர்தலுக்குப் பின் அமைந்த கூட்டை அதற்குப் பின்னும் கவர்னர் கருதவேண்டும் என்று சர்க்காரியா கமிஷன் 1988-ல் யோசனை கூறிற்று. மெஜாரிட்டியை அளக்கும் இடம் சட்டசபையே, கவர்னர் மாளிகையல்ல என்று பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1994-ல் தீர்ப்பளித்தது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் 1952-ல் மெஜாரிட்டி சட்டசபையில்தான் நிரூபிக்கப்பட்டது என்பதை மறக்கலாகாது. எண்ணிக்கை சரியாகவே இருந்தது. அந்த எண்ணிக்கை வந்த வழிதான் கேள்விக்குரியது.

ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை

ஆகவே தேர்தல் முடிவுகளைக் கையில் எடுக்கும் ஊழியர்கள் ஸ்தானங்களை எண்ணுவதோடு நின்றுவிடக்கூடாது. வோட்டு எத்தனை, அது எதற்காக விழுந்தது என்று கேட்கவேண்டும். எதிர்க்கட்சிகள் ஐக்கியத்தை விரும்பினால் பெட்டி திறந்த பிறகல்ல, பெட்டி வைப்பதற்கு முன்பே அதைச் செய்து, பொதுத் திட்டத்துடன் ஜனங்கள்முன் நிற்கவேண்டும். சிறு கட்சியின் அபேட்சகரும் சுயேச்சையும் வோட்டுக் கேட்டு வாசலுக்கு வரும்போது, "ஜெயித்தால் எந்தப் பக்கம் உட்காருவீர்?" என்று ஒவ்வொரு வோட்டரும் கேட்கும்படி அவர்களைப் பழக்கவேண்டும். பதில் சொல்லத் தயங்குகிறவருக்கு வோட்டில்லை என்று ஊர் கூடித் தீர்மானித்தால், கவர்னர் வாசலில் கூட்டம் தானே குறையும்.

ஜனங்கள் தராத மெஜாரிட்டியைச் சட்டசபைக்குள் சம்பாதிக்கலாம். அதைக் கொண்டு ஆளலாம். ஆனால் அது கடன் வாங்கிய பணம். ஒரு நாள் வட்டியோடு திருப்பிக் கொடுத்தே தீரவேண்டும்.